கடைசி பக்கி கவிழ்ந்தது ஏன்? கடற்கரைச் சவாரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"ஓட்டுநர் அதிக வேகத்தில் திருப்பியதால் வண்டி கவிழ்ந்தது" என்று சவாரி நடத்திய நிறுவனத்தின் குறிப்பில் ஒரே வரியில் எழுதி மூடப்பட இருந்த சம்பவம் இது. அந்த வரி முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்து பயந்து ஓட்டிய ஒருவர், அதுவும் வரிசையில் கடைசியாக வந்தவர், அந்த இடத்தில் ஏன் அந்த வேகத்தில் இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்ட இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் இதில் வராது. நான் அதே வரிசையில் ஐந்தாவது வண்டியில் இருந்தேன், முதலுதவிப் பயிற்சி பெற்றவன். நான் பார்க்காத பகுதிகளை அந்தத் தம்பதியிடமும் இரண்டு வழிகாட்டிகளிடமும் பின்னால் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஆறு பக்கி வண்டிகள் (மேலே கம்பிக்கூண்டு போட்ட சிறிய மண்பாதை வண்டிகள்), ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். முன்னால் ஒரு வழிகாட்டி நான்கு சக்கர பைக்கில், எல்லோருக்கும் பின்னால் இன்னொரு வழிகாட்டி மோட்டார் சைக்கிளில். வெப்பமண்டலக் கிராமப்புறம்: செம்மண் பாதை, கரும்புத் தோட்டம், மேய்ச்சல் நிலம், தென்னந்தோப்பு, முடிவில் கடற்கரை. வழியில் ஒரே ஒரு நிறுத்தம். காலையில் தூசி பறக்கும், திடீரென்று ஒரு மழை கொட்டும், உடனே வெயில் அடிக்கும், அப்படிப்பட்ட பருவம். காய்ந்த பாதை, நனைந்த பாதை இரண்டும் ஒரே பயணத்தில் வந்தது இந்தச் சம்பவத்தில் முக்கியம்.

கடைசி வண்டியில் ஒரு கணவன், மனைவி, இருவருக்கும் நாற்பதை நெருங்கும் வயது. இருவருமே வருடக்கணக்காகக் கார் ஓட்டுபவர்கள், மண்பாதையில் ஓட்டியதில்லை. கடைசி இடத்தை அவர்களே கேட்டு வாங்கினார்கள். பின்னால் யாரும் ஹாரன் அடித்து அவசரப்படுத்த மாட்டார்கள், நம் வேகத்துக்குப் போகலாம் என்று நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நடந்தது நேர்மாறாக இருந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

பக்கியில் ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் கார் மாதிரியே இருக்கும். கிளட்ச் கிடையாது, பெல்ட் மூலம் இயங்கும் கியர், மிதித்தால் போகும். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் தைரியம் வந்துவிடுகிறது. பிரச்சினை அங்கேதான். தரையிலிருந்து வண்டி உயரம், அகலம் குறைவு, சஸ்பென்ஷன் ரொம்ப ஆடும், டயரில் காற்று வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள். கூடவே, எங்கள் பக்கிகளில் இருந்த மாதிரி, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுவது பல பக்கிகளில் உண்டு. சேற்றில் இது வரம். ஆனால் திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். கெட்டித் தரையில் சுலபமாக வழுக்காது, அதனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் திருப்புவார்.

கவிழ்வதற்கு மலைச்சரிவும் அசுர வேகமும் தேவை என்பது பொதுவான நம்பிக்கை. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹா நிறுவனமும் ரைனோ என்ற, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மண்பாதை வண்டிகளுக்கு இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தபோது, 450, 660 ஆகிய இரண்டு மாடல்களில் மட்டும் 46 மரணங்கள் ஆணையத்தின் கவனத்துக்கு வந்திருந்தன. ஆராய்ந்த சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை, அவற்றிலும் பல, சமதரையில், குறைந்த வேகத்தில், திரும்பும்போது நடந்தவை. எங்கள் வரிசையில் ஓடியது வேறு வகை வண்டி. ஆனால் சமதரை, குறைந்த வேகம், திருப்பம் என்ற அந்த மூன்றும் அப்படியே எங்கள் சம்பவத்திலும் இருந்தன.

புறப்படுவதற்கு முன் சொன்னதும் சொல்லாததும்

வழிகாட்டி தெளிவாகப் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். பிரேக் எது, கை சைகைகள் என்ன, ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது, ஹெல்மெட் கழற்றக் கூடாது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடக் கூடாது (முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சுழன்று விரலைத் திருகிவிடும்). சீட் பெல்ட்டை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்தார்.

சொல்லாதவை: வண்டி சாய்ந்தால் கைகளை எங்கே வைப்பது, முன்வண்டி கண்ணில் இருந்து மறைந்தால் என்ன செய்வது, பின்வண்டியைப் பார்த்துக்கொள்வது யார் வேலை. கடைசி பக்கியில் பயணியின் கை வெளியே போகாமல் தடுக்கும் பக்கவாட்டு வலையின் கொக்கி உடைந்து, வலை சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த வலை எதற்கு என்று யாரும் விளக்காததால் அது இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை, கணவருக்குக் காற்றோட்டமாக இருக்கிறது என்று சந்தோஷம்தான்.

முதல் பாதி: தூசி

காய்ந்த செம்மண்ணில் ஆறு வண்டி போனால் இரண்டாவது வண்டியிலிருந்தே முன்னால் எதுவும் தெரியாது. தூசி அடங்கட்டும் என்று ஒவ்வொருவரும் இடைவெளி விட்டோம், அது சரியான செயல். ஆனால் ஐந்து இடைவெளிகள் சேர்ந்தால் வரிசை மிக நீளமாகிவிடும். முன்வண்டி ஒரு பள்ளத்துக்காக வேகம் குறைத்துவிட்டு மறுபடி வேகம் எடுக்கும்போது, அடுத்தவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வேகம் எடுக்கிறார், அதற்கடுத்தவர் இன்னும் தாமதமாக. ரப்பர் பட்டையை இழுத்துவிட்ட மாதிரி அந்தத் தாமதம் முழுக்கக் கடைசி வண்டியின் தலையில் வந்து விழும். முதல் வண்டி சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது கடைசி வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும், இல்லையென்றால் துரத்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாதை பிரியும் இடங்களில் முன் வழிகாட்டி எல்லோரும் சேரும்வரை காத்திருப்பார். கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் கையைத் தூக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆக முன்னால் போனவர்கள் தண்ணீர் குடித்து, கண்ணாடி துடைத்து, கையை உதறிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் வருபவர்களுக்கு ஓய்வே இல்லை, கூடவே எல்லோரையும் காக்க வைக்கிறோம் என்ற கூச்சம் வேறு. இரண்டாவது காத்திருப்பிலேயே அந்தக் கணவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கை அசைத்தார்.

நடுவில் நிறுத்தம், ஆள் மாற்றம்

நிறுத்தத்தில் மழை பிடித்தது, சீக்கிரமே விட்டுவிட்டது. இங்கே விரும்பினால் ஓட்டுநரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மனைவி ஓட்ட உட்கார்ந்தார், கணவர் வலப்பக்க இருக்கைக்குப் போனார். காலையில் புறப்படும்போது சொன்ன அறிவுரை மனைவிக்கும் பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது அவர் பயணியாக அதைக் கேட்டார். வண்டியைச் சுற்றி ஓட்டிப் பார்க்க ஒரு வெற்றிடம், இரண்டு தடவை திருப்பிப் பார்க்க ஒரு வாய்ப்பு, எதுவும் தரவில்லை. அவருடைய முதல் திருப்பமே ஈரமான பாதையில்தான்.

கணவர் உயரமானவர். முன்னால் இருந்த கைப்பிடி அவருக்கு வாகாக இல்லை, அதனால் வலது கையால் கூண்டின் மேல்கம்பியை வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். வலை மாட்டியிருந்தால் கை வெளியே போயிருக்காது.

கிளம்பிய சிறிது நேரத்தில் மூன்றாவது வண்டியில் கியர் பெல்ட் கருகும் வாசனை வந்து இழுவை விட்டுப்போனது. பின் வழிகாட்டி அதைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். முன் வழிகாட்டி வரிசையை நிறுத்தவில்லை, மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தார். இப்போது கடைசி வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை.

கவிழ்ந்த இடம்

தென்னந்தோப்பு முடிந்து கடல் தெரியத் தொடங்கும் இடம். மொத்தப் பாதையிலும் அதுதான் மிகச் சமமான தரை. எல்லோரும் அங்கே இறுக்கத்தைத் தளர்த்தினோம், அப்பாடா என்று இருந்தது. கடைசி வண்டி எங்களுக்குப் பின்னால் நன்றாகவே தங்கிவிட்டிருந்தது, எங்கள் வண்டி வளைவில் மறைவதைப் பார்த்து அந்த மனைவி ஆக்சிலரேட்டரை மிதித்தார். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அளக்கவில்லை. வேகமாக மிதிக்கும் சைக்கிளை விடக் கொஞ்சம் அதிகம் இருக்கலாம் என்று பின் வழிகாட்டி தடத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாதையில் ஒரு மழைக்குட்டை. ஆழம் தெரியாததால் இடப்பக்கம் ஒடித்தார். வண்டி திரும்பாமல் நேராகவே வழுக்கியது. இன்னும் ஒடித்தார். அதுவரை சேற்றில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டிருந்த வலப்பக்கச் சக்கரங்கள், காய்ந்து இறுகிய பழைய சக்கரத் தடத்தின் விளிம்பில் முட்டி நின்றன. சக்கரம் நின்றது, மேல்பகுதி நிற்கவில்லை. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, உருளவில்லை. கணவரின் கை கம்பியை விடவில்லை. சாயும்போது இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான் உடம்பின் இயல்பு.

முதல் சில நிமிடங்கள்

என்னோடு வந்த நண்பர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். "பின்னால் வண்டி இல்லை" என்றார். நாங்கள் வண்டியை அந்த ஒற்றைப் பாதையில் திருப்பவில்லை, அப்படிச் செய்தால் எதிரே வருபவர் மேல் மோதும் அபாயம் உண்டு. நண்பர் முன்வண்டிகளுக்குச் சைகை காட்டிக்கொண்டே நின்றார், நான் நடந்தும் ஓடியும் பின்னால் போனேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பெட்ரோல் வாசனை. முதலில் சாவியை அணைத்தேன். மனைவி மேல்பக்கம் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார், கணவர் கீழே. மனைவி பதற்றத்தில் பெல்ட்டைக் கழற்றப் போனார், வேண்டாம் என்று கத்திவிட்டேன். கழற்றினால் முழு எடையோடு கணவர் மேல் விழுவார். காலை டாஷ்போர்டில் ஊன்றச் சொல்லி, இடுப்பைத் தாங்கிப் பிடித்து, அப்புறம்தான் பெல்ட்டை விடுவித்தோம். அதற்குள் பின் வழிகாட்டியும் இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள்.

கணவருக்கு மூச்சு, பேச்சு சரியாக இருந்தது, கழுத்து வலி இல்லை, கால் விரல்களை அசைத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் கம்பிக்கு அடியில். வந்தவர்களில் பலர் உடனே வண்டியைப் புரட்டி நிமிர்த்தப் பார்த்தார்கள். பின் வழிகாட்டி தடுத்தார், அந்த நாளின் மிகச் சரியான முடிவு அதுதான். நிமிர்த்தும்போது கம்பி முதலில் கைமேலேயே உருண்டு அழுத்தும், பாதியில் யாருடைய பிடியாவது வழுக்கினால் முழு வண்டியும் திரும்ப விழும். அதற்குப் பதிலாக நான்கு பேர் கூண்டைச் சில அங்குலம் மட்டும் தூக்கினார்கள், தூக்கத் தூக்க ஒருவர் கட்டைத் துண்டுகளை அடியில் செருகினார், கையை எடுக்கும் வேலை எனக்கு மட்டும். மழையில் மண் இளகியிருந்ததால் கம்பி மண்ணுக்குள் கொஞ்சம் புதைந்திருந்தது. விரல்கள் மிஞ்சியது அதனால்தான்.

கையைப் பார்த்தபோது

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் நசுங்கியிருந்தன, ஒரு நகம் பெயர்ந்திருந்தது, மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மோதிர விரலில் மோதிரம். வீக்கம் முழுதாக ஏறிவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், இரத்த ஓட்டத்தையும் இறுக்கும், அதனால் யாரோ நீட்டிய சன்ஸ்கிரீன் கிரீமை அந்த விரலில் மட்டும் தடவிக் கழற்றினோம்.

காயத்தில் சேறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது, "உப்புத் தண்ணீர் நல்லது, அலசிவிடலாம்" என்று இரண்டு பேர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மறுத்தேன். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இருக்கும், திறந்த காயத்தில் புகுந்தால் சிலருக்கு, முக்கியமாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு, உயிருக்கே ஆபத்தாகும். எல்லோருடைய குடிநீர் பாட்டில்களையும் வாங்கி, அதையே ஊற்றி ஊற்றிக் கழுவினோம். சுத்தமான துணி வைத்து அழுத்தினோம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் இருந்தன, எலும்பு முறிவுக்கு அணை கொடுக்க எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டித் துண்டில் சுற்றி அணை கட்டினோம். கட்டியபின் நகத்தை அழுத்திவிட்டு, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று மற்ற விரல்களில் பார்த்தேன், திரும்பியது.

முன்னாலா, பின்னாலா

புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் நிறுவனத்தின் வாகனம் இருக்கும், ஆனால் அதுவரை குலுங்கிக்கொண்டே போக வேண்டும். முன்னால் கடற்கரைவரை தார்ச்சாலை வருகிறது. முன் வழிகாட்டி முதலில் திரும்பத்தான் நினைத்தார், தெரிந்த வழி என்பதால். பேசிப் பார்த்து, வாகனத்தைக் கடற்கரைக்கு வரச் சொல்வது என்று முடிவானது. கணவரைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்து, தலைசுற்றல் போனபிறகு, வழிகாட்டி ஓட்டிய பக்கியில் கையை உயர்த்திப் பிடித்தபடி நடை வேகத்தில் கொண்டுபோனோம். மனைவியை ஓட்ட விடவில்லை. அவர் ஓட்டுகிறேன் என்றுதான் சொன்னார், ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கவிழ்ந்த பக்கியை நிமிர்த்தியதும் ஒருவர் ஸ்டார்ட் செய்யப் போனார். பக்கவாட்டில் கிடந்த எஞ்சினில் ஆயில் சிலிண்டருக்குள் போயிருந்தால் அப்படி ஸ்டார்ட் செய்வது எஞ்சினை உடைத்துவிடும். அங்கேயே விட்டுவிட்டோம். மறுநாள் திறந்தபோது ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் இருந்ததாம்.

மருத்துவமனையில், அதற்குப் பிறகு

இரண்டு விரல் நுனிகளிலும் எலும்பு முறிவு, நகப்படுகையைத் தைத்தார்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலித்ததால், மருத்துவர் எக்ஸ்ரேயை நம்பாமல் மாவுக்கட்டுப் போட்டார். ஸ்கேஃபாய்ட் என்ற சிறு எலும்பின் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜம், கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கூடாமலே போய்விடும். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் விரிசல் தெரிந்தது. முதல் நாளே "ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்று அவருக்கு நினைவில்லை, அதனால் போட்டார்கள். அழுக்கான காயத்துக்கு ஐந்து வருடம் கடந்திருந்தாலே போடுவது வழக்கம். மாடு மேயும் இடத்துச் சேறு என்பதால் எலிக்காய்ச்சல் பற்றியும் எச்சரித்தார்கள்: பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தெரியும், காய்ச்சல் வந்தால் சேற்றில் காயம்பட்டதைச் சொல்லி உடனே காட்ட வேண்டும். வரவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பேசியபோது மணிக்கட்டு கூடியிருந்தது, நடுவிரலின் கடைசி மூட்டு மட்டும் முழுதாக மடங்கவில்லை. மனைவிக்கு உடம்பில் பெல்ட் பட்ட கன்றலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் நிறுவனத்தின் குறிப்பில் இருந்த அந்த "அதிக வேகம்" என்ற வரியை அவர் அப்படியே தன் மேல் ஏற்றிக்கொண்டார், பல மாதம் காரே ஓட்டவில்லை. பயணக் காப்பீட்டு நிறுவனமும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்வி கேட்டது. ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டிருந்ததற்குப் புகைப்படங்கள் இருந்ததால் கடைசியில் மருத்துவச் செலவு கிடைத்தது. மண்பாதை வண்டிகளுக்குக் காப்பீடு இல்லை என்று சொல்லும் பாலிசிகள் நிறைய உண்டு, இவர்களுடையதில் அது சேர்ந்திருந்தது.

ஏன் நடந்தது

திருப்பத்தில் ஸ்டீயரிங்கை அதிகம் ஒடித்தார், சரி. அந்த நொடிக்கு முன்னால் என்னென்ன இருந்தன? அனுபவம் இல்லாதவர்களை, எப்போதும் துரத்த வேண்டியிருக்கும் கடைசி இடத்தில் வைத்தது. காத்திருக்கும் நேரத்தைக் கடைசியில் வருபவருக்குத் தராதது. ஆளை மாற்றிவிட்டு நனைந்த பாதையில் நேரே அனுப்பியது. பின் வழிகாட்டியை வரிசை நகரும்போதே முன்னால் இழுத்தது. உடைந்த கொக்கி. இதில் கொக்கி ஒன்றுதான் காயத்தின் நேரடிக் காரணம், அது மாட்டியிருந்தால் இருவரும் சிராய்ப்போடு எழுந்து நடந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மற்றவை எல்லாம் சேர்ந்துதான் அந்த வேகத்தை உண்டாக்கின.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

நாங்களும் இரண்டு வழிகாட்டிகளும் சேர்ந்து நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தோம். பலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். வலை மாட்டாத வண்டி இப்போது கிளம்பாது. தயக்கம் உள்ளவர்கள் முன் வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் போகிறார்கள், அவர்களுடைய வேகம்தான் வரிசையின் வேகம். ஒவ்வொருவரும் பின்வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும், அவர் நின்றால் அவருக்கு முன்னால் இருப்பவரும் நிற்பார், அப்படியே சங்கிலியாகத் தகவல் முன்னால் போய்விடும், போன் சிக்னல் தேவையில்லை. பின் வழிகாட்டி எந்தக் காரணத்துக்காகவும் கடைசி வண்டியைத் தாண்டக் கூடாது, முன்னால் பழுது என்றால் முழு வரிசையும் நிற்கும். ஆள் மாறினால் நிறுத்தத்திலேயே இரண்டு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். சாய்ந்தால் கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், கம்பியைத் தொடாதீர்கள் என்று புறப்படும் முன் எல்லோரையும் ஒரு தடவை செய்து பார்க்க வைக்கிறார்கள்.

நேர அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது. காலைச் சவாரி முடிந்து திரும்பும் அதே வண்டிகளில்தான் மதியச் சவாரி கிளம்புகிறது, நடுவில் கழுவித் துடைக்கும் நேரம் மட்டுமே. காலை வரிசை தாமதமானால் மதியக் கூட்டம் வெயிலில் நிற்கும், அது முன் வழிகாட்டிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு சவாரிக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டச் சொன்னோம், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள், கடைசியாக நான் விசாரித்தபோதும் அதே பதில்தான்.